மலையில் இருந்துகொண்டு தண்ணீரை எண்ணிச் செலவழிக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி – 2024 பிப்ரவரி 18

திருப்பூரில் 30 ஆண்டுகள் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதிவிட்டு, சென்ற ஆவணியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீடு வாங்கிக் குடிவந்தேன். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையைப் பார்த்தபோது, இனி ஆயுள் முழுவதும் தண்ணீரைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்றே எண்ணினேன். இப்போது குழாயில் ஆறு நாளுக்கு ஒரு முறைதான் நீர் வருகிறது. இவ்வளவு மழை பெய்யும் ஊரில் நீர் போதவில்லை என்றால் அது விநியோகத்தின் குறையே தவிர, வீட்டில் இருப்பவர் சேமிப்பதற்கு என்ன இருக்கிறது? பெரிய தொட்டி ஒன்று வாங்கி வைத்தால் போதாதா? தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போடலாமா?

பிப்ரவரி 18, இரவு

ஐயா, உங்கள் கேள்வியில் பாதி சரி. மழைக்குக் குறைவில்லை, அது இங்கே தங்குவதில்லை, அவ்வளவுதான். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பெருமழை என்பது வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வது. அதன் பிறகு சித்திரையில் கோடை மழை தொடங்கும் வரை ஏறத்தாழ நூறு நாட்கள் வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும். பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் பள்ளங்களில் உறைபனி. கார்த்திகையில் உங்கள் கூரையில் விழுந்த நீர் அன்று மாலையே ஓடையில் இறங்கி, இரண்டொரு நாளில் பவானியைச் சேர்ந்திருக்கும். சமவெளியில் மழை பெய்தால் குளத்திலும் ஏரியிலும் நிற்கும். இங்கே அதை நிறுத்தி வைப்பவை சோலைகளும், புல்வெளிகளும், அவற்றுக்கு நடுவே இருக்கும் சதுப்பு நிலங்களும்தான். கோத்தகிரிக்கு அருகே இருக்கும் லாங்வுட் சோலை மொத்தமே 116 ஹெக்டேர். அதிலிருந்து கசியும் நீரை நம்பிக் கீழே எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்று ஒரு முறை நடந்து பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

பெரிய தொட்டியையும் சொட்டுநீர்க் குழாயையும் சற்றுத் தள்ளி வையுங்கள். முதலில் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பாருங்கள். எப்படி அளப்பது என்பதை அடுத்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 20

எங்கள் வீட்டில் மூன்று பேர்: நான், என் கணவர், என் அம்மா. மாடியில் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று, பின்கட்டில் 500 லிட்டர் தொட்டி ஒன்று. எங்களுக்கும் ஆறு நாளுக்கு ஒரு முறைதான் நீர் வருகிறது. முன்பெல்லாம் நான்கு நாளில் இரண்டும் காலியாகிவிடும். மீதி இரண்டு நாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக இதைக் கோடையின் வழக்கம் என்றே ஏற்றுக்கொண்டிருந்தோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, தொட்டிக்குள் குடம் குடமாக ஊற்றி, 50 லிட்டருக்கு ஒரு கோடு கிழித்தேன். நான்கு நாட்கள் காலையும் இரவும் குச்சியை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதினேன். கழிப்பறைக்கு எத்தனை முறை, குளியலுக்கு எத்தனை வாளி என்று தனியாகவும் குறித்தேன். ஒரு நாளைக்கு மொத்தம் 360 லிட்டர். அதில் கழிப்பறைக்கு 110, குளியலுக்கு 85, தோட்டத்துக்கு 70, சமையலறைக்கு 45, துணிக்குச் சராசரியாக 40. கூட்டிப் பார்த்தால் 350தான் வந்தது. அந்த 10 லிட்டர் எங்கே போனது என்று தெரியவில்லை. கணக்கு எழுதியவர் நீங்கள். பத்து ரூபாய் இடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது.

நான் பெரிதும் நம்பியிருந்தது தோட்டம்தான் நீரைக் குடிக்கிறது என்று. அளந்த பிறகுதான் அது மூன்றாவது இடத்தில் இருப்பது தெரிந்தது.

பிப்ரவரி 27

அந்த 10 லிட்டர் கிடைத்தது. பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்கு மேலே இருக்கும் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் எங்கள் காதுக்குப் பழகிப்போயிருந்தது. ஒரு லிட்டர் சொம்பு ஒன்றை அடியில் வைத்தேன். நிறைய 2 மணி 10 நிமிடம் ஆனது. அப்படியானால் நாளைக்கு 11 லிட்டர். சில ரூபாய் வாஷர் ஒன்றை மாற்றியதும் நின்றது. அந்தச் சொட்டு எத்தனை ஆண்டுகள் அப்படியே விழுந்திருக்கும் என்று எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது.

கழிப்பறைத் தொட்டியின் கசிவு கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. பீட்ரூட் வேகவைத்த நீரை ஒரு டம்ளர் அந்தத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு அரைமணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டுப் பாருங்கள். கீழே கோப்பையில் சிவப்பு இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். பழைய தொட்டி ஒரு முறைக்கு 10 லிட்டரோ அதற்கு மேலோ கொட்டும். இப்போது வருகிற இரண்டு பொத்தான் தொட்டிகள் சிறியதற்கு 3, பெரியதற்கு 6 லிட்டர் என்ற அளவில் இருக்கின்றன. மாற்ற வசதி இல்லாதவர்கள் உள்ளே ஏதாவது வைத்து இடத்தை அடைக்கலாம். செங்கல் வைக்காதீர்கள், அது கரைந்து மணல் மணலாக உதிர்ந்து வால்வில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் பாட்டில் வையுங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம் மாவட்டத்தில் அந்தப் பாட்டிலே விற்கக்கூடாது. ஊறுகாய் வந்த ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் நீர் நிரப்பி, மூடி, மிதவையில் இடிக்காத மூலையில் நிறுத்தியிருக்கிறேன். ஒரு முறைக்கு ஒரு லிட்டர் மிச்சம். எங்களுக்கு நாளைக்கு 11 லிட்டர்.

மார்ச் 9

வெந்நீரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மலையில் இதுதான் மறைந்திருக்கும் பெரிய செலவு என்பது என் கருத்து. சமவெளியில் குழாயைத் திறந்ததும் குளிக்கலாம். இங்கே குழாயைத் திறந்துவிட்டு, கையை நீட்டி நீட்டிப் பார்த்து, சூடு வரும் வரை நிற்கிறோம். எங்கள் கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் இருக்கிறது. அங்கிருந்து குளியலறைக்கு 14 மீட்டர் குழாய். உள்விட்டம் 20 மில்லிமீட்டர். அந்தக் குழாய்க்குள் நிற்கும் நீர் மட்டும் ஏறக்குறைய 4.4 லிட்டர். ஒவ்வொருவர் குளிக்கும்போதும் அவ்வளவும் சில்லென்று கீழே போன பிறகுதான் வெந்நீர் வரும்.

அம்மா இந்தக் கலனை ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவர் 1973-ல் இலங்கையின் ஹட்டன் பக்கத்திலிருந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்களில் ஒருவராக இங்கே வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் பிறந்தது லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். ஊற்றிலிருந்து ஒரு குடம் நீர் எடுத்துவர மேட்டில் ஏற வேண்டும். வயிற்றில் நான் இருந்தபோதும் ஏறியிருக்கிறார். அவருக்குச் செம்புத் தவலையில் விறகு வைத்துக் காய்ச்சி, வாளியில் விளாவி, ஒன்றரை வாளியில் குளியலை முடிப்பதுதான் முறை. அவர் குளிக்கும்போது ஒரு சொட்டும் வீணாவதில்லை. ஆனால் விறகு செலவாகிறது, புகை இருக்கிறது, 70 வயதுக்கு மேல் அடுப்பில் குனிய வேண்டியிருக்கிறது. ஆகவே அவர் வழிக்கு நான் திரும்பவில்லை. சூடு வரும் வரை விழும் நீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்கிறோம். மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் குளித்தால் குழாய் ஆறாமல் இருக்கும். அப்போது இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இந்தக் காத்திருப்பே இல்லை.

மார்ச் 10

நேற்று 4.4 லிட்டர் என்று எழுதியது குழாயின் கொள்ளளவு மட்டுமே. இன்று காலை வாளியில் பிடித்து அளந்தபோது 6 லிட்டர் வந்தது. குழாயே குளிர்ந்து கிடப்பதால் முதலில் வரும் வெந்நீரின் சூட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கூடுதலாக ஒன்றரை லிட்டர். மூவர் தனித்தனி நேரத்தில் குளித்தால் நாளைக்கு 18 லிட்டர், மாதத்துக்கு 540. கணக்குப் போட்டதோடு நிறுத்தாமல் அளந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிவிட்டு, நானே அளக்காமல் எழுதியிருக்கக் கூடாது.

மார்ச் 24

தோட்டம். உங்களிடம் ஹைட்ராஞ்சியா வரிசை ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அழகான பூ, ஆனால் அகன்ற மெல்லிய இலை. பங்குனி வெயிலில் மதியமே துவண்டுவிடும். துவண்டதும் நீர் ஊற்ற ஓடாதீர்கள். மாலை 6 மணிக்குப் பாருங்கள். தானாக நிமிர்ந்திருந்தால் வேரில் ஈரம் இருக்கிறது. நிமிராவிட்டால் மட்டுமே ஊற்ற வேண்டும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட பிறகு ஹைட்ராஞ்சியாவுக்கு நான் ஊற்றும் நீர் மிகவும் குறைந்துவிட்டது. ஜெரேனியமும், அகபாந்தஸும், சுவரோரக் கற்றாழைகளும் இந்த நூறு நாட்களைத் தாங்கிவிடும். புல்தரை வைத்திருந்தால் அதற்கு நீர் ஊற்றவே வேண்டாம். இங்கே பரவியிருப்பது கிக்குயு புல். வெயிலில் பழுப்பாகிக் கிடந்து, முதல் கோடை மழைக்கு ஒரு வாரத்தில் பச்சையாகிவிடும். பழுப்பான புல்லைப் பார்த்துச் செத்துவிட்டது என்று எண்ணி நீரை இறைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுப்பதில்லை.

காய்கறிப் பாத்திக்கு மூடாக்கு. சில்வர் ஓக் இலைகள் இங்கே கொட்டிக் கிடக்கின்றன. நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினால் மண் காய்வது மட்டுப்படும். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளும் கிடைக்கும், ஆனால் அவை மட்குவதற்கு நாளாகும். உறைபனிக் காலத்தில் உதகைத் தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மிலாரைத் தை, மாசியில் பாத்திக்கு மேல் கூரைபோல் நிறுத்தி, பனி போன பிறகு அப்படியே தரையில் படுக்கவைத்துவிடுகிறேன். பனிக்கு வைத்ததே வெயிலுக்கும் உதவுகிறது.

அடுத்தது பானை. மெருகு போடாத 5 லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை பாத்தியில் புதைத்து, நீர் நிரப்பி, வாயைத் தட்டால் மூடிவிட வேண்டும். பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசியும். சுற்றியிருக்கும் மண் காய்ந்திருந்தால் வேகமாகவும், ஈரமாக இருந்தால் மெதுவாகவும் கசியும். மண்ணே கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் சொட்டுநீர்க் குழாயைத் தள்ளி வையுங்கள் என்றேன். பாத்திகள் நான்கு, ஐந்து என்று இருக்கும் வீட்டுத் தோட்டத்துக்குப் பானை போதும். மேட்டுப்பாளையம் இறங்கியபோது நான்கு பானைகள் வாங்கி வந்தேன். பீன்ஸும் மரத்தக்காளியும் பானையைச் சுற்றி நன்றாக நிற்கின்றன.

மார்ச் 26

குன்னூரிலிருந்து ஒருவர், மூடாக்கு போட்டதும் நத்தைகள் பெருகி முட்டைக்கோஸ் நாற்றைத் தின்றுவிட்டன என்று எழுதியிருக்கிறார். உண்மை; எனக்கும் நேர்ந்தது. நாற்று சிறியதாக இருக்கும்போது தண்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தைத் திறந்தே விடுங்கள். செடி கைப்பிடி உயரம் வந்த பிறகு மூடாக்கை அருகில் இழுத்துவிடலாம். பானை எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்டிருக்கிறார். என் செம்மண்ணில் நான்கு நாள். அவருடைய மண்ணில் எவ்வளவு என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 7

சமவெளியிலிருந்து வந்தவர்கள் கவனிக்காத ஒன்று குழாயின் அழுத்தம். உங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது, பொதுத் தொட்டி மேட்டில் இருக்கிறது. 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். எங்கள் வீடு பொதுத் தொட்டிக்கு 35 மீட்டர் கீழே இருப்பதால், நீர் விடும் நாளில் முற்றத்துக் குழாயைத் திறந்தால் பீறிட்டு அடிக்கும். 10 லிட்டர் வாளி 33 நொடியில் நிறைந்தது; நிமிடத்துக்கு 18 லிட்டர். ஒரு கீரைக் கட்டைக் கழுவ ஒரு நிமிடம் திறந்தால் 18 லிட்டர் போய்விடும். குழாய்க்கு முன்னால் இருக்கும் வால்வைப் பாதி மூடி, நிமிடத்துக்கு 9 லிட்டராகக் குறைத்தேன். வேலை எதுவும் கெடவில்லை. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்களுக்கு இது தேவையில்லை. அங்கே உயரம் மூன்று மீட்டர்தான்.

அதே நாளில் இன்னொன்றையும் பாருங்கள். இரவில் நீர் விட்டால் தொட்டி நிறைந்து வழிவது யாருக்கும் தெரியாது. மிதவை வால்வு அழுத்தத்தில் சீக்கிரம் கெடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மேலே ஏறிக் கையால் மிதவையைத் தூக்கி, நீர் முழுவதும் நிற்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கம்பியால் கட்டிவையுங்கள், குரங்குகள் திறந்துவிடும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். வாழ்த்துகள். இன்று விடியற்காலையில் கீழ்ப் பாத்தியில் காட்டுமாடு நின்றது, ஒற்றைக் காளை.

சென்ற வாரம் துணி அலசிய நீரைச் சேர்த்து வைப்பதற்காகத் திறந்த தொட்டி ஒன்றைத் தோட்டத்தின் அடியில் வைத்திருந்தேன். அதைத் தேடித்தான் வந்திருக்கிறது. குடித்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்து, நான்கு பானைகளில் இரண்டை மிதித்து உடைத்துவிட்டுப் போனது. தாகத்துக்கு வந்த விலங்கின் மீது எனக்குக் கோபம் இல்லை. இந்த மாதத்தில் அவற்றின் ஓடைகளும் வற்றித்தான் கிடக்கின்றன. நீர் வைத்துவிடலாம் என்று அம்மா சொன்னார். மனத்தளவில் நானும் அம்மாவின் பக்கம்தான். ஆனால் வீட்டுக்கு 20 அடியில் நீர் இருக்கிறது என்று பழகிவிட்டால் அது நாளையும் வரும், அதன் பின்னால் கரடியும் வரும். அம்மா விடியலில் கொல்லைப்பக்கம் போகிறவர். ஆகவே திறந்த தொட்டியை எடுத்துவிட்டேன். சோப்பு நீரை எந்த உயிரும் குடிக்கும்படி வைத்திருந்ததே பிழை என்பதும் பிறகுதான் உறைத்தது.

அலசல் நீரைப் பற்றி இப்போது நான் கடைப்பிடிப்பது: முதல் சோப்பு நீர் தோட்டத்துக்குப் போகாது. இரண்டாம், மூன்றாம் அலசல் நீர் கழிப்பறைக்கு, அன்றைக்கே. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் நாற்றமெடுக்கும், கொசுவும் சேரும். அரிசி, காய் கழுவிய நீர் மட்டும் பாத்திக்கு.

ஏப்ரல் 30

உதகையில் 29 டிகிரி என்று செய்தி வந்துவிட்டது. இதுவரை பதிவானதிலேயே அதிகம் என்கிறார்கள். எங்கள் ஊற்றில் குடம் நிறைய நேற்று 11 நிமிடம் ஆனதாம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நான்கு கற்பூர மரங்களை (யூகலிப்டஸ்) வெட்டினால் ஊற்று பெருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கன் பகுதியில் நீண்ட காலம் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். புல்வெளியாக இருந்த நீர்ப்பிடிப்பில் கற்பூர மரம் வளர்த்தபோது, முதல் பத்து ஆண்டுச் சுற்றில் அங்கிருந்து வழிந்துவரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. எனவே அந்த மரம் நீரைக் குறைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது ஒரு பள்ளத்தாக்கு முழுவதற்குமான கணக்கு. நான்கு மரங்களை வைத்து உங்கள் ஊற்றைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். தவிர, சரிவைப் பிடித்து நிற்கும் வேரை அனுமதியும் யோசனையும் இல்லாமல் எடுத்துவிடாதீர்கள். புதிதாக நடுவதாக இருந்தால் கற்பூரமும் சீகையும் (வாட்டில் மரம்) வேண்டாம், நாவல் போன்ற சோலை மரங்களை நடுங்கள் என்பது மட்டும் உறுதியாகச் சொல்லக்கூடியது.

மே 8

கோடை மழை எந்த நாளும் வரலாம். அதற்கு முன் ஒரு வேலை. வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவில் குறுக்காக ஒரு முழ ஆழத்துக்கு வரப்புக் குழி வெட்டி வைத்தால், ஓடுகிற நீர் அதில் நின்று மண்ணுக்குள் இறங்கும். கீழே தோட்டத்தில் இரண்டு வாரத்துக்கு ஈரம் இருக்கும்.

மே 9

நேற்று எழுதியதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஏற்கெனவே வெட்டியிருந்தால் மூடிவிடுங்கள்.

இரவு முழுவதும் உறுத்தியது. காலையில் பழக்கமான கொத்தனார் ஒருவரிடம் கேட்டதும் உறுதியானது. தேயிலைத் தோட்டத்திலும், வீடில்லாத மென்சரிவிலும் இப்படிக் குறுக்காக வெட்டும் சமமட்டக் குழி நல்லது. வீட்டுக்கு மேலே, தடுப்புச் சுவருக்குப் பின்னால் நீரை நிறுத்தி மண்ணுக்குள் இறக்குவது ஆபத்து. ஈரமேறிய மண் கனக்கும், பிடிப்பை இழக்கும், சுவரைத் தள்ளும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் நாங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். அம்மா இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தார். அதைப் பார்த்த நான் நேற்று அப்படி எழுதியிருக்கிறேன். 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதைச் சென்னையில் செய்வதுபோல் வாசலில் உறிஞ்சுகுழி வெட்டிச் செய்வது மலைச்சரிவுக்குப் பொருந்தாது. இங்கே கூரை நீரைத் தொட்டியில் பிடிப்பதும், நிறைந்த பிறகு வழிவதைச் சிமெண்ட் வாய்க்கால் வழியாக வீட்டைக் கடந்து ஓடைவரை கொண்டுபோய் விடுவதும்தான் முறை. தடுப்புச் சுவரில் நீர் வடிவதற்கான துளைகள் மண்ணடைத்துக் கிடந்தால் மழைக்கு முன் குத்திவிடுங்கள்.

மே 12

உதகை மலர்க்காட்சி முந்தாநாள் தொடங்கிவிட்டது. 7-ஆம் தேதியிலிருந்து மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் அனுமதி வேண்டும் என்று இருந்தும் சாலையில் வண்டிகள் ஓயவில்லை. மலையில் நீர் மிகக் குறைவாக இருக்கும் மாதமும், மக்கள் மிக அதிகமாக வரும் மாதமும் ஒன்றாக இருப்பதுதான் நம் சங்கடம். எங்கள் வீட்டுக்கும் கோவையிலிருந்து நாத்தனார் குடும்பம் நான்கு பேர் வந்திருக்கிறார்கள். வந்தவர்களிடம் நீரைப் பற்றிப் பேசக் கூசுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தது எனக்குப் புரிகிறது. நான் வாய் திறக்கவில்லை; அளவுகோல் குச்சியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தேன். இரண்டாம் நாளிலிருந்து அவர்களே தங்கள் அப்பாவின் குளியலை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

மே 20

மழை! நான்கு நாளாக விட்டு விட்டுப் பெய்கிறது. மலை ரயில் பாதையில் மண் சரிந்ததாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் பக்கம் சுவர்கள் நன்றாக நிற்கின்றனவா?

எங்கள் தகரக் கூரை 50 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 20 மில்லிமீட்டர் பெய்தால் கூரைக்கு 1,000 லிட்டர் வரும், சிதறலும் கசிவும் போக 850 கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் 100 லிட்டரைத் தொட்டிக்குள் விடக்கூடாது. நூறு நாளாகக் கூரையில் கிடந்த தூசியும், இலையும், குரங்கின் கழிவும் அதில்தான் வரும். குழாயின் அடியில் ஒரு மூடியை வைத்து, முதல் கால்மணி நேரம் வெளியே விட்டுவிட்டுப் பிறகு மூடுகிறோம். 17-ஆம் தேதி இரவே பின்கட்டுத் தொட்டி நிறைந்துவிட்டது.

கூரையோரத்திலிருந்து தகரத்தின் வழியாக நீர் கட்டியாக விழுவதைப் பார்த்ததும் அம்மா, "பீலி மாதிரி விழுது பாரு" என்றார். இலங்கைத் தோட்டங்களில் மலையிலிருந்து வரும் நீரை மூங்கிலிலோ தகரத்திலோ பிடித்துக் கொட்டவிடும் இடத்துக்குப் பீலி என்று பெயர். குளிப்பதும், துவைப்பதும், ஊர்க்கதை பேசுவதும் பீலிக்கரையில்தான். ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சொல்லை அவர் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பித்தளைக் குடத்தை அடியில் வைத்துவிட்டு, அது நிறையும் வரை அங்கேயே நின்றார்.

ஜூன் 2

நீங்கள் கேட்டபடி என் கணக்கு. இந்தக் கோடையில், விருந்தினர் இருந்த நாட்களை விட்டுவிட்டு, வைகாசி மழைக்கு முன் ஒரு வாரம் எடுத்த சராசரி: கழிப்பறைக்கு நல்ல நீர் 60 லிட்டர் (மீதி, வாளியில் பிடித்த நீரும் அலசல் நீரும்), குளியல் 85, துணி 40, சமையலறை 35, தோட்டம் 30. மொத்தம் 250. முன்பு 360. தொட்டிகள் இரண்டும் சேர்ந்து 1,500 லிட்டர். 250 வீதம் ஆறு நாள். இந்த ஆண்டு ஒரு முறைகூட நாங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு நடக்கவில்லை. குளியலில் எதுவும் குறையவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தக் குளிரில் அதில் கைவைக்க நான் விரும்பவில்லை.

உங்கள் முதல் வாரக் கணக்கையும் பார்த்தேன். இரண்டு பேருக்கு 410 லிட்டர். எண்ணிக்கையில் வராதது 65. அது குழாய்ச் சொட்டாக இருக்க முடியாது, மிக அதிகம். பீட்ரூட் நீரை ஊற்றிப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் இரவு 10 மணிக்கு மாடித் தொட்டியில் குச்சியை விட்டுக் குறித்துக்கொண்டு, எந்தக் குழாயையும் திறக்காமல், காலை 5 மணிக்கு மறுபடி விட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தரைக்கடியில் போகும் குழாய்தான். அப்படியிருந்தால் உடனே எழுதுங்கள். மழை பெய்துகொண்டிருக்கும்போது தடுப்புச் சுவருக்குப் பின்னால் குழாய் கசிவது நல்லதல்ல.

ஜூன் 4

தரைக்கடிக் குழாய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். மாடித் தொட்டியின் வெளிவால்வை இன்றைக்கே மூடிவிட்டு, வாளியில் எடுத்துச் செலவழியுங்கள். கொத்தனாரையும் பிளம்பரையும் அழைத்துக்கொண்டு நானும் என் கணவரும் நாளைக் காலை 9 மணிக்கு வருகிறோம். மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது.